தாளின் முன்பக்கமும் பின்பக்கமும்: மட்டக்களப்பில் எடுத்த ‘புறப்படுமுன் ஆலோசனை’ பற்றி, ஒரு வருடத்துக்குப் பிறகு

2024 ஓகஸ்டில், இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்குப் படிக்கப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன்னால், மட்டக்களப்பு நகரில் திருமலை வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கும் ஆலோசனை நிலையத்தில் பதினையாயிரம் ரூபாய் கட்டி ‘புறப்படுமுன் ஆலோசனை’ எடுத்தேன். அன்று இரவே மதிப்புரை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் போட்டிருப்பேன். ஏசி அறை, மரியாதையாகக் கதைக்கும் பிள்ளைகள், அப்பாவுக்கு முதலில் கதிரை, பிறகு குளிர்ந்த சோடா, போகும்போது கையில் வர்ணத்தில் அச்சடித்த ஒரு செலவுத்தாள். ஆனால் செலவுக் கணக்குச் சொல்லித்தரும் சேவைக்கு அன்றைக்கே மார்க் போட முடியாது. செலவழித்துப் பார்த்த பிறகுதான் போடலாம். படிப்பு முடிந்து நாவற்குடாவுக்குத் திரும்பி வந்து, அந்தத் தாளையும் என் செலவுக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரை எழுதவில்லை. காரணம், இது அந்த ஓர் இடத்தின் குறை மட்டும் இல்லை. கல்முனையில் வேறோர் இடத்தில் ஆலோசனை எடுத்த தோழியின் தாளையும் பார்த்தேன். எண்கள் கொஞ்சம் வேறு, பிழைகள் அதே. மகனையோ மகளையோ அனுப்ப நினைக்கிற எந்த வீட்டுக்கும் இந்த மாதிரி ஒரு தாள் வரும். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் தாளின் முன்பக்கம். மேலே பெரிய எழுத்தில் ‘மாத வாழ்க்கைச் செலவு 1,023 பவுண்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘உண்மையில் இவ்வளவு தேவைப்படாது’ என்று போட்டு, வாடகை 440, சாப்பாடு 120, போக்குவரத்து 40, போன் 10, மற்றவை 90, மொத்தம் 700. அதற்கும் கீழே பச்சை நிறத்தில் பகுதிநேர வேலை வருமானம்: கிழமைக்கு 20 மணித்தியாலம், மணிக்கு 11.44, மாதம் 915 பவுண். கடைசி வரியில் ‘மாத மிச்சம் 215 பவுண்’. பக்கத்தில் ரூபாய்க் கணக்கும் இருந்தது, பவுண் ஒன்றுக்கு 400 என்று. மாதம் எண்பத்தாறாயிரம் ரூபாய் மிச்சம் வரும் என்று ஒரு தாள் சொன்னால், தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் அடகு வைத்துவிட்டு இருக்கிற ஓர் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா மட்டும் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வவுணதீவுப் பக்கம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறார். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருப்பார். உழவு, விதைநெல், பசளை, எண்ணெய், வெட்டுமெசின் என்று திகதி போட்டு எழுதுவார். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தம்பியிடம் கேட்டார்:

“தம்பி, இதில விதைப்புச் செலவு எங்க?”

அந்தத் தம்பிக்கு விளங்கவில்லை. “ஐயா, இது மாதச் செலவு. எல்லா மாதமும் இதேதான்” என்றார்.

“எல்லா மாதமும் ஒரே செலவு வாற வேலை ஒண்டும் நான் கண்டதில்ல” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை. எனக்கு அப்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, வெளிநாட்டுக் கணக்கில் அப்பா வயலைக் கொண்டு வருகிறாரே என்று. அந்தப் பதினையாயிரம் ரூபாய்க்கு அந்த அறையில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான் என்று லெஸ்டரில் பதினோராவது நாளில் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த 1,023 என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது வாழ்க்கைச் செலவு இல்லை. லண்டனுக்கு வெளியே படிக்கப் போகிறவர் மாதம் இவ்வளவு என்ற கணக்கில் ஒன்பது மாதத்துக்குப் பணம் வைத்திருக்கிறார் என்று விசாவுக்காகக் காட்ட வேண்டிய தொகை. 1,023 தர ஒன்பது, 9,207 பவுண். கட்டாமல் மிச்சமிருக்கும் படிப்புக் கட்டணம் அதற்கு மேல். அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. 2025 ஜனவரியில் அது 1,136 ஆனது, நவம்பரிலிருந்து 1,171. லண்டனுக்கு இன்னும் அதிகம். ஆலோசனை நிலையங்களில் இதை ‘ஷோ மணி’ என்பார்கள். காட்டிவிட்டு எடுத்துவிடலாம், உண்மையில் தேவைப்படாது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. என் அனுபவத்தில் அந்தப் பணம் உண்மையிலேயே தேவை. வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அங்கே எப்படிக் கஷ்டப்பட்டார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

2024இல் விசாக் கட்டணம் 490, எனக்குச் சுகாதாரக் கட்டணம் 1,164, இரண்டும் விண்ணப்பிக்கும்போதே ஒன்லைனில் போய்விட்டன. அவை தாளில் இல்லை. அவற்றை வேறு மேசையில் சொன்னார்கள், அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1,654 பவுண் என்பது ஆறரை இலட்சம் ரூபாய்க்கு மேல். எங்கள் வீட்டில் அதை ‘செலவு’ என்ற தலைப்பில் யாரும் எழுதவே இல்லை, அது ‘விசா’ என்ற தலைப்பில் போய்விட்டது. பணம் என்னவோ ஒரே பெட்டியில் இருந்துதான் போனது.

சரி, விதைப்புக்கு வருகிறேன்.

நான் செப்டெம்பர் நடுவில் போய் இறங்கினேன். ஹீத்ரோவிலிருந்து லெஸ்டருக்கு கோச் பஸ், 25 பவுண். தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு வீட்டில் தற்காலிகமாகப் பதினொரு இரவு, இரவுக்கு 22 பவுண். அங்கே குசினியைப் பாவிக்க விடவில்லை, அதனால் பாணும் கடைச் சாப்பாடும். பதினோராவது நாள் ஓர் அறை கிடைத்தது. ஐந்து பேர் இருக்கும் வீடு, பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகலாம், மின்சாரம் தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு 110 பவுண். நல்ல அறை, யன்னலும் பெரியது. வீட்டுக்காரர் டிபாசிட் ஐந்து கிழமை வாடகை கேட்டார், 550 பவுண். இங்கிலாந்துச் சட்டப்படி இந்த அளவு வாடகைக்கு அதற்கு மேல் கேட்க முடியாது, அதையும் 30 நாளுக்குள் ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புச் செய்ய வேண்டும். அதுவரை சரி. அப்புறம் பிணையாளி யார் என்று கேட்டார். இங்கிலாந்தில் சொந்த வீடும் நிரந்தர வேலையும் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்கு அப்படி யாரும் இல்லை. அப்படியானால் ஆறு மாத வாடகையை முன்னுக்கே கட்டு என்றார். கெஞ்சிக் கதைத்து மூன்று மாதத்துக்குக் கொண்டு வந்தேன். பதின்மூன்று கிழமை, 1,430 பவுண். டிபாசிட்டோடு சேர்த்து ஒரே நாளில் 1,980. கிட்டத்தட்ட எட்டு இலட்சம் ரூபாய்.

என்னிடம் காசாகவும் டிரவல் கார்டிலுமாக மொத்தம் 1,600 பவுண் இருந்தது, அதிலும் ஒரு பங்கு அதற்குள் செலவாகியிருந்தது. தாள் 700 என்றதால் 1,600 கொண்டு போவது மிகவும் கவனமான காரியம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டில் பணம் இருந்தது, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்ப வங்கியில் ‘ஸ்டூடண்ட் ஃபைல்’ என்பதையும் திறந்திருந்தோம், ஆனால் அங்கே என் பெயரில் ஒரு கணக்கு இருந்தால்தான் இங்கிருந்து அனுப்பலாம். கணக்குத் திறக்கப் பல்கலைக்கழகக் கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தில் விலாசம் வேண்டும், விலாசத்துக்கு அறை வேண்டும், அறைக்குப் பணம் வேண்டும். கணக்கு வேலை செய்யத் தொடங்க நான்கு கிழமை ஆனது. அதுவரை குரோய்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன், அண்ணா, 1,100 பவுண் கடனாகத் தந்தார். அவர் இல்லாவிட்டால் அந்த அறை போயிருக்கும். எல்லோருக்கும் குரோய்டனில் ஓர் அண்ணா இருக்க மாட்டார்.

முதல் ஆறு கிழமையை அப்பா சொன்ன மாதிரித் திகதி போட்டு எழுதி வைத்தேன். தற்காலிக அறை 242, டிபாசிட் 550, முன்வாடகை 1,430, மெத்தை விரிப்பும் போர்வையும் சட்டிபானையும் 64, தரும காரியத்துக்காக நடத்தும் பழைய சாமான் கடையில் குளிர் கோட் 12, சப்பாத்து 25, பஸ்ஸும் டாக்சியும் 58, சாப்பாடு 210, போன் 20, கோச் 25. மொத்தம் 2,636 பவுண். தாளின்படி ஆறு கிழமைக்கு 1,050. முன்வாடகை வீண் போகவில்லைதான், டிசம்பர் கடைசி வரை வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை. டிபாசிட்டும் முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் முதல் ஆறு கிழமைக்குள் அவ்வளவும் கையில் இருக்க வேண்டும். பெரும்போகத்தில் ஐப்பசி கார்த்திகையில் வயலுக்குள் எவ்வளவு இறக்குகிறோம், மாசி பங்குனி வரை அதில் ஒரு சதமும் கைக்கு வராது. அப்பா கேட்டது அதைத்தான். அப்பா விதைத்த அதே நாட்களில் நானும் அங்கே விதைத்துக்கொண்டிருந்தேன், விதைநெல்லுக்குக் காசில்லாமல்.

வாடகையில் இன்னொரு பிழை. தாளில் 440 என்று போட்டது எப்படி என்று பிறகுதான் பிடிபட்டது. கிழமைக்கு 110, நான்கால் பெருக்கியிருக்கிறார்கள். மாதம் என்பது நான்கு கிழமை இல்லை. வருடத்துக்கு 52 கிழமை, நான்கு கிழமைக் கணக்கில் 48தான் வரும். மிச்ச நான்கு கிழமையின் வாடகை 440 பவுண், ரூபாயில் ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரம், தாளில் எந்த இடத்திலும் இல்லை. அங்கே வாடகையைக் கிழமைக் கணக்கில்தான் சொல்வார்கள். 52 ஆல் பெருக்கி 12 ஆல் பிரியுங்கள். 110 பவுண் அறை மாதம் 477.

இனிப் பச்சை நிற வரி. அந்த 915 பவுண். இதில்தான் எனக்கு உண்மையான மனவருத்தம் இருக்கிறது.

கிழமைக்கு 20 மணித்தியாலம் என்பது மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வேலை செய்யக்கூடிய உச்ச எல்லை. எல்லையை எடுத்து வருமானம் என்று எழுதுவது, குளத்தின் முழுக் கொள்ளளவையும் என் வயலுக்கு வரும் தண்ணீர் என்று எழுதுவது மாதிரி. எனக்கு வேலை கிடைத்தது 2025 ஜனவரி மூன்றாம் கிழமை. நான்கு மாதம் ஒரு பென்ஸ்கூட இல்லை. தாளின்படி அந்த நான்கு மாதத்தில் 3,660 பவுண் வந்திருக்க வேண்டும். ஓர் உணவகச் சமையலறையில் கிழமைக்கு 12 மணித்தியாலம், 137 பவுண். ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 ஆனதும் 146. அதற்கு மேல் செய்தால் ஒப்படைகள் பிந்தும் என்று நானேதான் நிறுத்திக்கொண்டேன். இவ்வளவு செலவழித்துப் போனது படிக்க.

கோடையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்றும் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. இளமாணிப் பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ஒரு வருட முதுமாணிக்குக் கோடை என்பது ஆய்வறிக்கை எழுதும் காலம். அது தவணைதான், விடுமுறை இல்லை. 20 மணித்தியால எல்லை அங்கும் இருக்கும். அந்த வரியை நம்பி கோடையில் 35 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் என் விசாவே போயிருக்கும். பணக் கணக்கில் பிழை வந்தால் கடன்பட்டுச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது. இப்படி ஒரு வரியைக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளில் அச்சடிக்கக் கூடாது. வேலைக்குப் போகும் பெற்றோர் அதைப் படித்து நம்புகிறார்கள்.

இந்த மாதிரி நிலையங்களுக்கு மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகங்கள் கமிஷன் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் தப்பு இல்லை, அது அவர்களின் தொழில். ஆனால் செலவுத்தாளுக்கு நாம் தனியாகக் காசு கட்டுகிறோம். அந்தத் தாள் போகலாம் என்று மனதைத் திருப்புவதற்கான தாளாக இருக்கக் கூடாது.

இவ்வளவும் முன்பக்கம்.

பின்பக்கத்தில் அச்சு எதுவும் இல்லை. அந்த நிலையத்தில் சனிக்கிழமைகளில் மட்டும் வரும் ஓர் அக்கா இருந்தார், காரைதீவுக்காரர், தானும் இங்கிலாந்தில் படித்து வந்தவர். எங்கள் நேரம் முடிந்து அப்பா படியிறங்கிய பிறகு, “தங்கச்சி, ஒரு இருபது நிமிசம் இருங்க” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். தாளைத் திருப்பினார், நீலப் பேனையால் எழுதத் தொடங்கினார். அந்த இருபது நிமிடத்துக்குப் பதினையாயிரம் கொடுக்கலாம்.

முதல் வரி: ‘பல் அடைத்துக்கொண்டு போ.’ சுகாதாரக் கட்டணம் கட்டியவருக்கு அங்கே டொக்டரைப் பார்ப்பது இலவசம், ஆனால் பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு. மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண். நான் அடுத்த கிழமையே போதனா வைத்தியசாலையில் இரண்டு பல்லை அடைத்தேன், ஒரே நம்பரில் இரண்டு கண்ணாடி செய்தேன். டிசம்பரில் ஒன்று உடைந்தது. மற்றதைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

இரண்டாவது: ‘ரைஸ் குக்கர் இங்கேயே வாங்கு.’ நம் நாட்டின் மூன்று சதுரக்கால் பிளக்தான் அங்கேயும், மின்னழுத்தமும் 230 வோல்ட். அடப்டர் எதுவும் வேண்டாம். நகரில் வாங்கிய சின்னக் குக்கர், ஒருவருக்கு இரண்டு நேரச் சோறு வரும், பெட்டிக்குள் அதன் வயிற்றுக்குள்ளேயே அம்மாவின் கறித்தூள் மூன்று பொதியை அடைத்துக் கொண்டு போனேன். வருடம் முழுக்க ஓடியது, கடைசியில் ஒரு ஏறாவூர்த் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைச் சாப்பாடு ஒரு நேரத்துக்கு ஏழு எட்டுப் பவுண், அதே காசில் நான் மூன்று நாள் சோறும் பருப்பும் சாப்பிட்டேன். என் செலவைக் குறைத்த பொருள் எது என்று கேட்டால் தயங்காமல் குக்கர் என்பேன்.

மூன்றாவது: ‘கருவாடு போகும், கறிவேப்பிலை போகாது.’ இறைச்சி, பால் சேர்ந்த எதையும் நம் நாட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது. பச்சை இலைகளும் அப்படித்தான். மீன் கொண்டு போகலாம். அம்மா ஆசையோடு கட்டி வைத்த தயிர்முட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

நான்காவது: ‘கவுன்சில் வரி: வீட்டில் எல்லோரும் மாணவரா என்று கேள்.’ அது உள்ளூராட்சி சபை வீடுகளுக்குப் போடும் வரி, முழுநேர மாணவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இல்லை. மாணவர் அல்லாத ஒருவர் சேர்ந்தால் அந்த முழு விலக்குப் போய்விடும். கிழமைக்கு 100 பவுணுக்கு ஓர் அறை பார்த்தேன், வேலைக்குப் போகும் இருவர் அங்கே இருந்தார்கள், வரியைப் பங்கு போட வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஐந்தாவது, கீழே கோடு போட்டு: ‘பார்க்காத அறைக்குக் காசு அனுப்பாதே.’ நிலையத்தின் வட்ஸ்அப் குழுவிலேயே ஓர் அறையின் படம் போட்டு 300 பவுண் முன்பணம் கேட்டார் ஒருவர், யார் என்று குழுவில் எவருக்கும் தெரியாது. குக்கரைக் கொடுத்தேன் என்றேனே, அந்தத் தம்பி அதற்கு அனுப்பிவிட்டு, பெட்டியோடு போய் நின்றபோது அந்த விலாசத்தில் அப்படி அறையே இல்லை. அந்த ஒரு வரியை அக்கா எனக்கு எழுதித் தந்தார், அந்தத் தம்பிக்கு எவரும் சொல்லவில்லை. அவர் புதன்கிழமை போய் ஆலோசனை எடுத்தவர்.

அக்கா எழுதாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிவி லைசென்ஸ் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும், வருடம் 169.50 பவுண் அப்போது. நேரடி ஒளிபரப்புப் பார்க்காத, பீபீசீயின் ஐபிளேயர் பார்க்காத வீட்டுக்குத் தேவையில்லை, அப்படி என்று பதிவு செய்துவிடலாம். மின்சாரம் சேர்த்த வாடகை என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில். ஜனவரியில் ஹீட்டரை இரவும் பகலும் ஓடவிட்டு ஆளுக்கு 38 பவுண் மேலதிகமாகக் கட்டினோம். பஸ்ஸில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 பவுண் என்று இருந்தது 2025 ஜனவரியில் 3 ஆனது. வருட நடுவில் விலை மாறும் என்பதற்குத் தாளில் இடமே இல்லை.

சாப்பாட்டுக்கு அவர்கள் போட்ட 120 பவுண் மோசமான கணக்கு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் கிழமைக்கு 30 வைத்திருந்தேன், மாதம் 130. ஆனால் அதற்குள் நிற்கக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் போனது. முதல் கிழமைகளில் எதைத் தொட்டாலும் 400 ஆல் பெருக்கினேன். ஒரு கோப்பி 1,200 ரூபாய், ஒரு அப்பிள் 200 ரூபாய். பெருக்கிப் பெருக்கி வாங்காமல் வந்து, பாணும் தேத்தண்ணியுமாக இருந்து, ஒக்டோபர் கடைசியில் காய்ச்சலில் விழுந்து நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. அப்பா போனில் சொன்னார், “மனே, வயலுக்க இறங்கினா வயல் கணக்கு. வீட்டுச் சீனி விலைய அங்க வெச்சுப் பாக்காத.” அன்றிலிருந்து ரூபாயை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை 30 பவுண், அடுத்த ஞாயிறு வரை அதுதான்.

அந்த முப்பதில் என்ன வாங்கினேன் என்று கேட்பவர்களுக்கு. அல்டி, லிடில் இரண்டிலும் பால், முட்டை, பாண், கரட், உருளைக்கிழங்கு. டெஸ்கோவில் கிளப்கார்ட் எடுத்துவிட்டால் பல சாமானுக்கு வேறு விலை, அட்டை இலவசம். இரவு கடை மூடும் நேரத்தை ஒட்டி அன்றே விற்க வேண்டிய சாமானுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதில் கோழி கிடைத்த அன்று எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் கறி. லெஸ்டர் என்பதால் எனக்கு அதிர்ஷ்டம், பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்திக் கடைகளில் முருங்கைக்காய், கத்தரிக்காய், பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் உண்டு, எவிங்டன் ரோட்டிலும் அப்படி. பத்துக் கிலோ பாஸ்மதி மூட்டை வாங்கினால் இரண்டரை மாதம் போகும். நம் சிவப்பரிசி ஆசைக்கு மாதம் ஒரு தடவை, அது அங்கே விலை. பருப்பும் டின் மீனும் எப்போதும் அலுமாரியில் இருக்கும். வாவியில் பிடித்த ஓரா மீனை நினைத்து மனம் அடித்துக்கொள்ளும், அதற்குக் கொப்பியில் தலைப்புக் கிடையாது.

ரூபாயை விட்டேன் என்றாலும், வீட்டில் இருப்பவர்கள் விட முடியாது. 2022 மார்ச்சுக்கு முன்னால் டொலர் 200 ரூபாயளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரம் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை, பவுண் 400க்கு மேல் பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் அப்பா தன் கொப்பியில் எல்லாத் தொகைக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டியே எழுதியிருந்தார். ‘வெள்ளத்துக்கு’ என்று தலைப்பு.

திரும்பி வந்து இரண்டாவது கிழமை, தாளையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. அதே தம்பிதான் இருந்தார், என்னை ஞாபகம் வைத்திருந்தார், அப்பாவைக் கேட்டார். புதுத் தாளைக் காட்டினார். மேலே 1,171 என்று மாற்றியிருக்கிறார்கள், மணிக்கூலி 12.21, பஸ் 3 பவுண். வாடகை மட்டும் இன்னும் நான்கால் பெருக்கியபடியே. 52, 48 கணக்கைச் சொன்னேன். கல்குலேட்டரை எடுத்துத் தட்டினார், இன்னொரு தரம் தட்டினார், எனக்கு முன்னாலேயே கொம்பியூட்டரில் திருத்தினார். கோடை வரியை உடனே அழித்தார், அதற்கு அவருக்கு என் நன்றி. என் முதல் ஆறு கிழமைப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டார், யாருக்கும் கொடுக்கலாம் என்றேன். பச்சை வரியை என்ன செய்வது என்று கேட்டேன். முதல் நான்கு மாதமாவது வேலை வருமானம் பூச்சியம் என்று போட வேண்டும் என்றேன். அதற்கு முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார்.

அந்த வரி மாறும் வரைக்கும் என் மார்க் ஐந்தில் மூன்று. மூன்றில் இரண்டரை தாளின் பின்பக்கத்துக்கு. போகிறவர்கள் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போங்கள், பன்னிரண்டு மணியோடு அக்கா காரைதீவு பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஒரு கொப்பியும் பேனையும் கையோடு கொண்டு போங்கள், வயல் செய்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.